குழாயின் பின்பக்கம்

நீராவிக் குழாய்களின் சூடு வெளியே போகாதபடி அவற்றின் மேல் காப்புப் போடுவது என் மாமா அப்பாசாமியின் தொழில். ஆலையில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. ஆனால் அவர் குடியிருந்த மலாக்காவின் காஜா பேராங்கில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரமப்படவில்லை. ‘பைப்புக்குச் சட்டை தைக்கிறவர்’ என்றார்கள். கேலிதான், ஆனாலும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. உங்கள் தையற்காரன் தைத்த சட்டை அடுத்த தீபாவளியைப் பார்க்காது, நான் தைத்தது இருபது வருஷம் நிற்கும் என்று திருப்பிச் சொல்வாராம்.

அவர் என் அப்பாவின் அக்கா பூங்காவனத்தைக் கட்டியவர். ரப்பர் தோட்டத்திலிருந்து படிக்க வந்த நான் ஆறு வருடம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். எங்கள் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்காகப் படித்த சரித்திரப் புத்தகத்தில் ஜப்பான்காரன் காலத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மாமாவைப் போன்ற ஓர் ஆள்கூட அதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். அவரை நல்லவர் என்று காட்ட அல்ல. அதை அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

கிளேபாங் பக்கம், கடலைப் பார்த்தபடி ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை இருந்தது. மாமாவுக்கு அங்கேதான் வேலை. வெள்ளைத் தூளைத் தண்ணீரில் பிசைந்து, சூடான குழாயின் மேல் கையாலேயே அப்புவார். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. மேலே கம்பிவலை, அதன் மேல் மறுபடி பூச்சு. கடைசியில் காடாத்துணியைச் சுற்றி, வளைந்த ஊசியால் தைத்து, கஞ்சிப் பசை தடவி, சாயம் அடிப்பார். தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினால்தான் தெரியும். துணியின் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏற்றித் தைப்பது அவர் கணக்கு. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இரண்டு விரல்.

வால்வுகள் உயரத்தில் இருந்தன. ஏணி பாதிவரைதான் போகும். அதற்கு மேல் ஆட்கள் குழாயைக் கட்டிப்பிடித்துத்தான் ஏற வேண்டும். நூற்றைம்பது டிகிரி நீராவி உள்ளே ஓடும் குழாயைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்றால், மேலே போட்ட காப்பை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும். அப்பாசாமி போட்ட பைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம் என்பது ஆலைப் பேச்சு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. துணி வெட்டும்போது மிஞ்சும் ஓரத் துண்டுகள் வேலைக்காரனுக்குச் சொந்தம். சாயங்காலம் ஸ்டோர் வாசலில் துண்டுகளை விரித்துக் காட்டுவார். ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணி பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு மாமா சுருட்டி எடுத்துக்கொண்டு போவார். வெள்ளைக்கார என்ஜினியர் ஏற்படுத்திய வழக்கம் அது.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார என்ஜினியர் சிறைக்குப் போனார். ஆலை ராணுவத்தின் கைக்குப் போயிற்று. வெள்ளைத் தூள் ஆறே மாதத்தில் தீர்ந்தது. புதிதாக வந்த ஜப்பானிய மேலதிகாரி, தூள் இல்லை என்ற சொல்லைக் கேட்க விரும்பாதவன். மாமா களிமண்ணையும் உமிச்சாம்பலையும் தேங்காய் நாரையும் சேர்த்துப் பிசைந்து புதிய கலவை ஒன்றைச் செய்தார். அது நின்றது. மேலதிகாரி அவர் தோளில் தட்டினான். அதே வாரத்தில், வணங்காமல் நடந்துபோன ஒருவரின் கன்னத்திலும் தட்டினான். அந்த மனிதருக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று.

வீட்டில் மூன்று பேர். மாமா, அத்தை, மாமாவின் தங்கை மல்லிகா. மல்லிகாவுக்குப் பத்தொன்பது வயது. கடைகளில் துணியே கிடைக்காத நாற்பத்து மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அந்த வீட்டில் வெளியே கட்டிக்கொண்டு போகத் தகுந்த சேலை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அத்தை மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனால் மல்லிகா கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்தி உட்கார்ந்திருப்பாள். மல்லிகா தண்ணீருக்குப் போனால் அத்தை உள்ளே. இரண்டு பெண்களும் சேர்ந்து தெருவில் நடந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது என்று பிற்பாடு அத்தை எனக்குச் சொன்னபோது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்க எல்லாரும் பயந்த காலம். மல்லிகாவுக்கு மாப்பிள்ளை தேட வேண்டியிருக்கவில்லை. தியாகு என்ற பையன் அதே ஆலையில் வால்வு பார்க்கிற வேலையில் இருந்தான். வீடு பத்து பெரெண்டாம் என்ற ஊரில். அப்பா இல்லை, அம்மா மட்டும். நல்ல உயரம், கொஞ்சம் வாய்த்துடுக்கு. மாமாவிடம் பெண் கேட்டதே குழாய்மேல் தொங்கிக்கொண்டுதான். “மாமா, பைப்புக்கெல்லாம் சட்டை போட்டுட்டீங்க. எனக்கு எப்ப மாப்பிள்ளைச் சட்டை?” என்றானாம். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டார். அத்தோடு பேச்சு முடிந்த மாதிரிதான்.

தியாகுவிடம் ஆலைப் பட்டை இருந்தது. கையில் கட்டும் துணிப்பட்டை, அதில் ஜப்பான் எழுத்து. சயாமில் ரயில் பாதை போட லாரி லாரியாக ஆள் பிடித்த வருடம் அது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வந்த தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்றால் மனிதர்களை விடுவார்களா? பட்டை உள்ளவனை மட்டும் விட்டார்கள். ஆகவே, அந்தக் காலக் கணக்கில், தியாகு பெரிய இடத்து மாப்பிள்ளை.

தியாகுவின் அம்மா வந்து பேசினார். நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், பெண் எதைக் கட்டிக்கொண்டு வந்தாலும் சரி, சீக்கிரம் அனுப்புங்கள் என்றார். அப்பாசாமி மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலில் தாலி கட்ட ஏற்பாடு. அந்தச் சன்னிதியில் தன் தங்கை சாக்கோடு நிற்கக் கூடாது. வீட்டில் இருந்த ஒரே சேலையையும் அவளுக்குக் கொடுத்துவிட்டால் அத்தை இனி வெளியே தலைகாட்ட முடியாது. புதுத்துணி வேண்டும், ஆறு கஜம், மஞ்சள் நனைத்துக் கூறையாகக் கட்ட வேண்டும் என்று நின்றார். அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “ஊரிலே உள்ள பைப்புக்கெல்லாம் துணி சுத்துறவன் தங்கச்சியைக் கோணியிலே அனுப்பினான்னு பேர் வாங்கணுமா?” என்று கேட்டாராம் மாமா. அந்த ஒரு கேள்விக்குத்தான் பிறகு எல்லாரும் விலை கொடுத்தார்கள்.

ஒரு கடையைப் பூட்டிக் கைப்பற்றிய காடாத்துணி, அந்த மாதமே ஆலைக்கு வந்து இறங்கியது. மேலதிகாரி அறுபது நாளில் எல்லாக் குழாய்க்கும் துணி சுற்றி முடிக்கச் சொன்னான். பசைக்கு மரவள்ளி மாவு கொடுத்தார்கள். கொடுக்கும்போதே மேலதிகாரி தன் கண்முன்னால் மயில்துத்தத்தைக் கரைத்து அதில் ஊற்ற வைத்தான். பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் சேர்ப்பது முன்பும் உண்டு. இப்போது காரணம் வேறு. பசித்த ஆட்கள் பசையைத் தின்றுவிடக் கூடாது.

ஓரத் துண்டுகளை மாமா வழக்கம்போல ஸ்டோர் வாசலில் விரித்தார். பொன்னுதுரை கிராணி யாராவது வருகிறார்களா என்று வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு, “நான் ஒண்டும் காணேல்ல, அப்பாசாமி. நீரும் எனக்குக் காட்டேல்ல” என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதையே மாமா சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

நான்கு விரல் அகலத் துண்டுகள். வளைந்து திரும்பும் பெண்ட் குழாய்க்கு வெட்டும்போது விழும் இலை வடிவத் துண்டுகள். அவற்றை வயிற்றில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். மாமாவும் மல்லிகாவும் உட்கார்ந்து தைப்பார்கள். ஆலைத் தையல்தான், அதே வளைந்த ஊசி. மல்லிகா இரண்டே நாளில் அந்தத் தையலைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது நாளில் நான்கு கஜம் சேர்ந்தது. அதற்குள் முகூர்த்த நாள் நெருங்கிவிட்டது. இன்னும் இரண்டு கஜம் வேண்டும். துணி சுற்றாமல் மீதியிருந்ததோ ஒரே ஒரு குழாய்.

அது சுவரை ஒட்டி, உயரத்தில் இருக்கும் வால்வுவரை ஏறும் குழாய். முப்பது அடி நீளம். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கைதான் நுழையும். அந்தப் பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. முன்பக்கம் மட்டும் துணி ஒட்டி, இரு ஓரத்தையும் பசையால் கலவையோடு அழுத்திவிட்டால், ஒரு சாண் அகலத்துக்கு முப்பது அடி மிஞ்சும். ஐந்தாக வெட்டிச் சேர்த்தால் இரண்டு கஜச் சேலை.

துணி இல்லாமல் கலவை நிற்குமா என்று யோசித்தேன், நிற்கும் என்று நினைத்தேன் என்றார் மாமா. பழைய வெள்ளைத் தூள் நின்றிருக்கும். துணியே இல்லாமல் பத்து வருடம் நின்ற குழாயை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டார். கையிலிருந்தது களிமண், அதைப் பிடித்து நிறுத்தக் கம்பிவலையும் இல்லை என்பது இருபது வருட அனுபவக்காரருக்கு அன்றைக்கு மறந்துபோயிற்று. மறந்ததா, மறக்க விரும்பினாரா என்று நான் கேட்டேன். “நீ படிச்சவன், நீயே சொல்லு” என்றார்.

கல்யாணம் நடந்தது. மஞ்சளில் நனைத்த காடாச் சேலை, கிட்டே வந்து பார்த்தால்தான் தையல் தெரியும். கோயிலுக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரும் அந்தச் சேலையைத்தான் பார்த்தார்கள். மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் விருந்து. அன்றைக்கு மாமா நடந்த நடையை அத்தை எனக்கு எழுந்து நடந்தே காட்டினார்.

பதினாறாம் நாள் தியாகு அந்தச் சுவரோரக் குழாயில் வால்வை மூட ஏறினான். அவன் வழக்கம்போல இரண்டு கையையும் குழாயைச் சுற்றிப் பின்னால் கொடுத்துப் பிடித்தான். பின்பக்கக் களிமண் கொதிப்பிலும் அதிர்விலும் உதிர்ந்துபோய், வெறும் இரும்பு இருந்தது. உடனே கையை விட்டால் பதினைந்து அடி கீழே. விடாமல் ஏணியில் கால் வைக்கும்வரை பிடித்திருந்தான். இறங்கி வந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

மாமா அடுத்த பகுதியில் வேலையாக இருந்தார். சத்தம் கேட்டு வந்தார். எந்தக் குழாய் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மற்றவர்கள் வருமுன் ஆலைக்குப் போய், சாக்கைக் கிழித்துக் கலவையில் நனைத்து, சுவருக்கும் குழாய்க்கும் நடுவே கையை விட்டுப் பின்பக்கத்தை அடைத்தார். முழங்கைவரை சுட்டது. ஒன்பது மணிக்கு மேலதிகாரி விசாரிக்க வந்தான். தியாகுவும் கையில் வாழையிலை சுற்றிக்கொண்டு வந்திருந்தான். பொன்னுதுரை கிராணிதான் இடையில் மலாயில் பேசியது. குழாயில் குறையா, ஆளின் கவனக்குறைவா என்பதுதான் கேள்வி. குழாயில் குறை என்றால் துணி எங்கே போயிற்று என்ற கேள்வி வரும். துணி திருடியவனுக்கு என்ன நடக்கும் என்பதைச் சாலை முனையில் கழியில் குத்தி வைத்த தலைகள் ஏற்கெனவே ஊருக்குச் சொல்லியிருந்தன. ஆளின் கவனக்குறைவு என்றால் ஆளுக்கு வேலை போகும்.

பொன்னுதுரை மாமாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

“அப்பாசாமி, நீர் போட்ட வேலை. நீரே சொல்லும். பைப் நல்லா இருக்கோ, இல்லையோ?”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் மாமா.

தியாகு அவரைத் திரும்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறும் இரும்பாக இருந்தது அவனுக்குத்தானே தெரியும்? சுட்டது அவனைத்தானே? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பொண்டாட்டியின் அண்ணன் என்று பேசாமல் இருந்தானா, சேலையின் கதையை ஊகித்துவிட்டானா, வலியில் ஒன்றும் ஓடவில்லையா, தெரியாது. மேலதிகாரி அவன் கையிலிருந்த பட்டையைத் தானே அவிழ்த்து எடுத்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையால் தியாகுவால் அதை அவிழ்க்க முடியவில்லை.

ஒன்பது நாள் கழித்து, பத்து பெரெண்டாம் சாலையில் ஆள் பிடிக்கும் லாரி நின்றது. தியாகு கைக்கு மருந்து கட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான். பட்டை காட்டியவர்களை இறக்கிவிட்டார்கள். அவன் கட்டுப் போட்ட கைகளைக் காட்டினான். அது பட்டை இல்லையே.

மல்லிகா மாமியாரோடு இரண்டு வருடம் காத்திருந்தாள். மாமியார் இறந்த பிறகு காஜா பேராங்குக்குத் திரும்பி வந்தாள். மாமா அவளுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று அத்தை சொல்கிறார். மல்லிகா அதை அண்ணனின் துக்கம் என்று நினைத்தாள். அவரைத் தேற்றினாள்கூட.

சண்டை முடிந்த பின் சயாமிலிருந்து ஓர் ஆள் எலும்பாகத் திரும்பி வந்து சொன்னான். தியாகு முதல் மழையைத் தாண்டவில்லை. மண் சுமந்ததில் உள்ளங்கைகள் மறுபடி வெடித்துச் சீழ் வைத்துவிட்டன. கடைசி நாட்களில் பக்கத்து ஆள்தான் அவனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறான்.

நாற்பத்தாறில் வெள்ளைக்கார என்ஜினியர் சிறையிலிருந்து மீண்டு, இளைத்துப்போய், ஆலைக்குத் திரும்பினார். குழாய்களைச் சுற்றிப் பார்த்தார். மண்ணையும் உமியையும் வைத்து இவ்வளவு வேலையா என்று வியந்தார். மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. அவரைச் சுவரோரக் குழாய்க்கு அழைத்துப்போய், ஏணி வைத்து, பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். இருப்பது பிறகு அடைத்த சாக்கு, துணி இல்லை, நான் திருடினேன் என்றார். பொன்னுதுரை கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். என்ன சொன்னாரோ, எவ்வளவு சொன்னாரோ. பட்டை பறிபோனபோது இடையில் நின்று பேசியவரும் அவர்தானே.

என்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜப்பான்காரனுக்கு அரைச் சட்டை தைத்துக் கொடுத்தாயா என்று முதுகில் தட்டினார். மாமா அந்தக் குழாயில் கை வெந்த ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். என்ஜினியர் அதற்குள் வேறு குழாய்க்குப் போயிருந்தார். அடுத்த வாரம் மாமாவை ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக்கினார்கள். எதிரிக்குப் பணியாமல் தந்திரமாக வேலை செய்த விசுவாசமான தொழிலாளி என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். நான் அதை மூன்று முறை படித்திருக்கிறேன். பிழையே இல்லாத கடிதம்.

செய்தி காஜா பேராங் முழுக்கப் பரவியது. ஜப்பான் ராணுவத்தையே ஏமாற்றியவர் என்று காப்பிக்கடையில் மாமாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மல்லிகாவிடம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். சுவரோரமா ஒரு பைப்பாமே, பின்னாலே துணியே சுத்தலையாமே, எமகாதகன்தான் உங்க அண்ணன்.

மல்லிகா பாதி நிரம்பிய வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்துத் தரையில் விரித்தாள். நான்கு கஜம்வரை எல்லாம் நாலு விரல் துண்டுகள். முந்தானைப் பக்கம் மட்டும் நீளநீளமான சாண் அகலத் துண்டுகள், ஐந்து. தைத்த கை அவளுடையதும்தான். அன்றைக்கே கவனித்திருக்கலாம். கல்யாணப் பெண், எதைக் கவனிப்பாள்?

மாமா வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இந்த அஞ்சு துண்டும் அந்தப் பைப்போடதாண்ணே?”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.”

“அன்னைக்கு உங்களைத்தானே கேட்டாங்க, பைப் நல்லா இருக்கான்னு?”

இல்லையென்று சொல்லியிருந்தால் தலை போயிருக்கும் என்று மாமாவுக்கு வாய்வரை வந்ததாம், அடக்கிக்கொண்டாராம்.

மல்லிகா சேலையை மடிக்காமலே எழுந்தாள். “நான் கோணியிலேயே போயிருப்பேனே. அவங்க அம்மாகூட அதைத்தானே சொன்னாங்க. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?”

அந்த வாரக் கடைசியில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போய்விட்டாள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தை போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாமா போனால் மல்லிகா காட்டுக்குள் வேலைக்குப் போய்விடுவாள், அவர் பஸ் ஏறும்வரை திரும்ப மாட்டாள்.

மாமாவுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. அந்த வெள்ளைத் தூள் நெஞ்சில் படிந்திருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். மாமா அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும், மூச்சு வாங்க வாங்க, கடைக்குப் போய்த் தானே தேர்ந்தெடுத்து மல்லிகாவுக்கு ஒரு சேலை அனுப்புகிறார். நல்ல பட்டு, ஒரே துணி, ஒட்டு இல்லாதது. அது அடுத்த பஸ்ஸிலேயே, கட்டிய கயிறு அவிழாமல், திரும்பி வந்துவிடுகிறது.

அத்தையின் பெட்டியில் இருக்கிற நல்ல சேலைகளெல்லாம் அப்படி வந்தவைதான். அவர் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். துணியை வீணாக்கலாமா என்கிறார்.